டிராக்டருக்கும் ஆயில் எஞ்சினுக்கும் எண்ணெய்ப் பிடிகலன்

டிராக்டரின் முன் அச்சின் மேல் எண்ணெய் சொட்டுவதை உழவர்களில் பலர் கண்டிருப்பீர்கள். பாக்கிங் போய்விட்டது என்று எண்ணி அதை மாற்றியும் சொட்டு நிற்காமல் இருந்திருக்கும். எஞ்சினின் பக்கவாட்டிலோ, மேலே டேப்பட் மூடியிலோ இருந்து புறப்பட்டுக் கீழ்நோக்கி வாய் திறந்திருக்கும் ஒரு குழாயைத் தேடிப் பிடித்து, அதன் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். கருத்த எண்ணெய் ஒட்டினால் சொட்டு அங்கிருந்துதான் வருகிறது. அதுவே எஞ்சினின் மூச்சுக்குழாய். பட்டறைகளில் பிரீதர் என்பார்கள்.

இக்குழாய் வழியே வெளியேறும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் கலனுக்குக் கடைகளில் கேட்ச் கேன் என்று பெயர். கார் வைத்திருப்போரிடையே பரவிய இக்கலன்கள் இப்போது டிராக்டர்களுக்கும் வந்துவிட்டன. கலன் எளிமையான பொருள்தான். ஆனால் தவறாகப் பொருத்திய கலன், கலனே இல்லாத நிலையைவிடக் கெடுதல் செய்யும். எண்ணெயைப் பிடிக்கிறோம் என்று எஞ்சினின் மூச்சை அடைத்துவிட்டால் ஆயில் சீல் போகும். கிளச் தட்டில் எண்ணெய் இறங்கும். சில சமயம் எஞ்சினே கையை விட்டுப் போகும். ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன் எஞ்சின் ஏன் மூச்சு விடுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

மூச்சு எங்கிருந்து வருகிறது?

சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது ஏற்படும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் இந்த வாயுவைத் தடுத்து நிறுத்தினாலும், முழுவதையும் தடுக்க இயலாது. புது எஞ்சினிலும் கொஞ்சம் வாயு ரிங்கின் இடைவெளி வழியே நழுவி, கிராங்க் சுழலும் அடியறைக்குள் இறங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் இது உறிஞ்சும் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு இருக்கும். ரிங்கும் லைனரும் தேய்ந்தால் அதுவே இரண்டு, மூன்று மடங்காகும்.

அடியறையில் கிராங்க் சுழலும் வேகத்தில் எண்ணெய் சிதறிப் பனி போல் மிதந்துகொண்டிருக்கும். மேலிருந்து நழுவிய வாயு இந்த எண்ணெய்ப் பனியையும் வாரிக்கொண்டு மூச்சுக்குழாய் வழியே வெளியேறுகிறது. அதில் கரித்தூள், எரியாத டீசல், நீராவி ஆகியவையும் கலந்திருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட்டாலும், நழுவும் வாயுவோடு ஒரு பகுதி அடியறைக்குள்ளும் வருகிறது. கலனில் எண்ணெயோடு தண்ணீரும் சேர்வதற்கு இதுவே காரணம்.

பழைய வண்டிகளில் இந்தப் புகையை நேரே வெளியில் விட்டார்கள். இதை மீண்டும் எஞ்சினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் முறை, இரண்டாம் உலகப் போரின்போது ஆற்றில் இறங்கிக் கடக்கும் டாங்கிகளுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க வேண்டி வந்தது. பிறகு காற்று மாசைக் குறைக்க 1961ஆம் ஆண்டு கார்களில் கலிபோர்னியாவில் இது இடம்பெற்றது. இன்று எல்லாக் கார்களிலும், டர்போ உள்ள டிராக்டர்கள் பலவற்றிலும் மூச்சுக்குழாய் வெளியில் திறப்பதில்லை. ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயில் சென்று சேர்கிறது. வெளியில் திறப்பதைத் திறந்த மூச்சு என்றும், உள்ளே திரும்புவதை மூடிய மூச்சு என்றும் இக்கட்டுரையில் வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டி இவற்றில் எது என்று பார்த்துவிட்டே மேலே படியுங்கள். ஒன்றுக்குரிய கலன் மற்றதற்கு ஆகாது.

கலன் தேவைதானா?

திறந்த மூச்சில் சொட்டும் எண்ணெய் அளவில் குறைவானாலும் அது விழும் இடத்தைப் பொறுத்துத் தொல்லை தரும். டிராக்டரை ஒரே இடத்தில் நிறுத்திக் கதிரடிக்கும் போது, குழாயின் வாய் முன்பக்கமாக இருந்தால் எண்ணெய்ப் புகை ரேடியேட்டருக்கே திரும்பும். எண்ணெய் பட்ட ரேடியேட்டரில் தூசியும் உமியும் ஒட்டிக்கொண்டு மெத்தை போல் படியும். தண்ணீர் கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டை மாற்றுவோர் உண்டு. காரணம் மூச்சுக்குழாயாக இருக்கும். வைக்கோல் கட்டும் வேலையில் எண்ணெய் படிந்த எஞ்சின் மேல் வைக்கோல் தூள் சேர்ந்து, சூடான சைலன்சர் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கவும் வழியுண்டு. கிணற்றுத் திட்டில் வைத்த ஆயில் எஞ்சினாக இருந்தால் சொட்டுவது நேரே தண்ணீரில்தான்.

மூடிய மூச்சில் எண்ணெய் வெளியில் தெரியாது. டர்போவின் காற்றுச் சக்கரத்திலும், இன்டர்கூலர் உள்ளேயும், ரப்பர்க் குழாய்களிலும் படிந்து நாளடைவில் இழுவையைக் குறைக்கும்.

ஆகக் கலனுக்கு வேலை இருக்கிறது. ஆனால் ரிங் தேய்ந்த எஞ்சினுக்குக் கலன் மருந்தாகாது. லிட்டர் கணக்கில் எண்ணெய் கக்கும் எஞ்சினில் பெரிய கலனாகப் பார்த்து மாட்டுவது, ஒழுகும் கூரையின் கீழ் பெரிய அண்டா வைப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் எஞ்சினைப் பாருங்கள்

கலன் வாங்கும் முன் மூன்று காரியங்களைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றப்பட்டிருக்கிறதா என்று அளவுக் கோலில் பாருங்கள். கூடுதலாக ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைக்கும். மூச்சுக்குழாயில் எண்ணெய் வரும். இரண்டாவதாக, மூச்சுக்குழாயைக் கழற்றி டீசலில் கழுவுங்கள். சில எஞ்சின்களில் டேப்பட் மூடியினுள் கம்பி வலை ஒன்று இருக்கும். பல ஆண்டுகள் கழுவாத வலை கரிப்பிசின் பிடித்து அடைந்திருக்கும். மூன்றாவது ஏர் கிளீனர். ரிங்கையும் லைனரையும் தேய்ப்பதில் புழுதிக்கு மிஞ்சியது இல்லை. ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கோடை உழவில் புழுதி அதன் வழியே உள்ளே போகும். ஆயில் பாத் வகை ஏர் கிளீனராக இருந்தால் குறியிட்ட அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. அந்த எண்ணெயையும் எஞ்சின் உறிஞ்சிவிடும்.

பிறகு மூச்சை அளக்க வேண்டும். இதற்குக் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயே போதும். எண்ணெய் ஊற்றும் வாய்க்குப் பொருந்தும் பழைய மூடி ஒன்றில் துளையிட்டு ஒரு சிறு நிப்பிளைப் பற்றவைத்துக் கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் குழாயை ஒரு பலகையில் ‘ப’ வடிவில் ஆணியடித்து நிறுத்தி, அதில் பாதி உயரம் வரை தண்ணீர் விடுங்கள். ஒரு முனையை நிப்பிளில் ரப்பர்க் குழாயால் இணையுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, வேகத்தை ஏற்றிப் பாருங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் எஞ்சின் பக்கத்துத் தண்ணீர் இறங்கி, திறந்த பக்கத்தில் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நூறு மில்லிமீட்டர் வேறுபாடு ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல் அழுத்தத்தைக் காட்டும்.

எவ்வளவு வரை தாளும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் எஞ்சினின் கையேட்டிலோ கம்பெனி மெக்கானிக்கிடமோ அதைத் தெரிந்துகொள்ளலாம். நமக்கு இங்கே முக்கியமானது வேறு. கலன் பொருத்தும் முன் ஒருமுறையும், பொருத்திய பின் அதே வேகத்தில் மறுமுறையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கலன் மூச்சை அடைக்கவில்லை என்று பொருள். வேறுபாடு தெளிவாகக் கூடியிருந்தால் அந்தக் கலன் எவ்வளவு விலையானாலும் உங்கள் எஞ்சினுக்கு ஆகாது. கடைக்காரர் சொல்வதைவிட இந்தத் தண்ணீர் மட்டம் சொல்வதை நம்பலாம்.

மூன்று, நான்கு சிலிண்டர் டிராக்டர்களில் இன்னொரு சோதனையும் செய்யலாம். கொள்ளளவு தெரிந்த மெல்லிய பாலிதீன் பையின் வாயை மூச்சுக்குழாயில் கட்டி, அது நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பை விறைப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். விசிறியிலும் சைலன்சரிலும் படாமல் பிடிக்க வேண்டும். இரண்டரை லிட்டர் கன அளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் உறிஞ்சும் காற்று நிமிடத்துக்கு 2500 லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு 25 லிட்டர். அப்படியானால் 50 லிட்டர்ப் பை நிறைய இரண்டு நிமிடம் ஆகும். இது தோராயக் கணக்குத்தான். சுமையில்லாமல் ஓடும்போது இன்னும் மெதுவாகவே நிறையும். ஆண்டுதோறும் உழவுப் பருவத்துக்கு முன் அதே பையால், அதே வேகத்தில் அளந்து சுவரில் எழுதி வைத்தால், ரிங் எப்போது மாற்ற வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே அறிவீர்கள்.

மூச்சு அடைபட்டால்

அடியறையில் அழுத்தம் கூடினால் வாயு தானே வழி தேடும். கிராங்கின் முன், பின் ஆயில் சீல்களில் எண்ணெய் கசியும். பின் சீல் கசிந்தால் கிளச் தட்டு நனைந்து வழுக்கும். டிராக்டரை இரண்டாகப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். டர்போ உள்ள எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். டர்போவின் தாங்கிகளுக்குச் செல்லும் எண்ணெய் தன் எடையாலேயே அடியறைக்கு வடிந்து திரும்புகிறது. அடியறையில் அழுத்தம் இருந்தால் அது வடியாமல் தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கமும் புகைப் பக்கமும் போகும்.

காற்றுப் பக்கம் எண்ணெய் அதிகம் போனால் ஏற்படும் ஆபத்து ஒன்று உண்டு. டீசல் எஞ்சினுக்கு எண்ணெயும் எரிபொருளே. காற்றோடு எண்ணெய் வந்தால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் அந்த எண்ணெயில் ஓடும். வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். எண்ணெய் தீரும் வரை அல்லது எஞ்சின் உடையும் வரை நிற்காது. அப்போது டீசல் குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. காற்றை அடைக்க வேண்டும். ஏர் கிளீனரின் உறிஞ்சும் வாயில் தடித்த பலகையை அழுத்தி மூட வேண்டும். கையால் மூடக் கூடாது. துணியை வைத்தால் உள்ளே இழுத்துவிடும். டிராக்டராக இருந்து, முன்னால் யாரும் இல்லையென்றால், மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டும் நிறுத்தலாம். ஃப்ளைவீலுக்கு நேராக நிற்காதீர்கள். எஞ்சின் கொட்டகையில் உறிஞ்சும் வாயின் அளவுக்கு ஒரு பலகை வெட்டி மாட்டி வைப்பது செலவில்லாத ஏற்பாடு.

எந்தக் கலன்?

வெறும் தகரடப்பாவில் குழாயை விட்டால் பெரிய துளிகள் விழும். பனி போன்ற நுண் துளிகள் அப்படியே வெளியே போய்விடும். அவற்றைப் பிடிக்க வாயுவின் வேகம் குறைய வேண்டும், அது திசை திரும்ப வேண்டும், கம்பி வலையில் உரசிச் செல்ல வேண்டும். கலனைத் திறந்து பார்த்து, உள்ளே தடுப்புத் தகடோ வலையோ இல்லையென்றால் பளபளப்புக்கு மயங்கி வாங்காதீர்கள். அலுமினியத்தில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் உள்ளே ஒன்றுமில்லாத கலன்கள் நிறையவே விற்கின்றன.

அடுத்தது குழாய் வாயின் அளவு. மூச்சுக்குழாயின் உள்விட்டம் 25 மி.மீ. என்றால் கலனின் இரு வாய்களும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 12 மி.மீ. வாயுள்ள கார்க் கலனை ரெட்யூசர் வைத்து டிராக்டரில் மாட்டுவது பரவலாக நடக்கும் தவறு. விட்டம் பாதியானால் வழி பாதியாவதில்லை, காலாகிவிடும்.

திறந்த மூச்சுக்கு வெளிக்காற்றோடு தொடர்புள்ள கலனும், மூடிய மூச்சுக்கு இரு வாய்களைத் தவிர வேறு திறப்பில்லாத கலனும் வேண்டும். மூடிய மூச்சில் மேலே சிறு வடிகட்டி வைத்த திறந்த கலனை மாட்டினால், ஏர் கிளீனரைத் தாண்டாத புழுதிக் காற்றை எஞ்சின் அந்த வழியே உறிஞ்சும். மூடிய மூச்சுக்கு வாங்கும் கலனில் வடிகட்டி அடைபட்டால் தானே திறந்து வழிவிடும் வால்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத கலனை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடிகட்டி அடைபட்டதை நீங்கள் அறிவதற்குள் சீல் போய்விடும்.

வாரண்டி முடியாத டிராக்டரிலும், 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு வந்த புதிய புகை விதிகளின்படி செய்யப்பட்ட எஞ்சின்களிலும் நாமாக எதையும் சேர்க்க வேண்டாம். இவற்றில் எண்ணெயைப் பிரிக்கும் அமைப்பு தொழிற்சாலையிலேயே இருந்தால், அதன் வடிகட்டியைக் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றினால் போதும்.

பட்டறையில் செய்துகொள்ளலாம்

திறந்த மூச்சு உள்ள பழைய டிராக்டருக்கு, அருகிலுள்ள வெல்டிங் பட்டறையிலேயே கலன் செய்துகொள்ளலாம். 100 மி.மீ. உள்விட்டமும் 200 மி.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளும். 25 மி.மீ. குழாயிலிருந்து 100 மி.மீ. கலனுக்குள் நுழையும் வாயுவின் வேகம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். எண்ணெய்த் துளி கீழே விழ இந்த நிதானம் உதவும். பெயிண்ட் டப்பா அதிர்வில் வெடித்துவிடும். பிளாஸ்டிக் டப்பா வெப்பத்தில் இளகும்.

உள்ளே வரும் குழாய் மேல்மூடி வழியே இறங்கி, கலனின் நடு உயரத்தில் பக்கச்சுவரைப் பார்த்து முடியட்டும். அதற்கு மேலே, கலனின் மேல் பாதியில், இரண்டு துளைத் தகடுகளைச் சிறு இடைவெளி விட்டு அமைத்து, அவற்றின் நடுவே பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பிச் சுருளைத் தளர்வாக வையுங்கள். இறுக்கித் திணித்தால் மூச்சு அடைபடும். தகட்டில் 5 மி.மீ. துளைகளாக அறுபது போட்டால், எல்லாத் துளைகளின் பரப்பும் சேர்ந்து 25 மி.மீ. குழாயின் பரப்பைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேலே வரும். வெளியேறும் வாய் மேல்மூடியில். அடியில் கால் அங்குலக் காக் ஒன்று. கழுவுவதற்கு வசதியாக மேல்மூடி போல்ட்டும் பாக்கிங்கும் வைத்துக் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். வெல்டிங் பொடியும் இரும்புத் தூளும் உள்ளே தங்காமல் டீசலில் பலமுறை கழுவுங்கள்.

கம்பிச் சுருளுக்குப் பதில் தேங்காய் நாரோ, பஞ்சோ, மெத்தை நுரையோ வைக்காதீர்கள். எண்ணெயில் ஊறி ஒரே உருண்டையாகி வழியை அடைத்துவிடும். மேற்சொன்ன பட்டறைக் கலன் மூடிய மூச்சுக்கும் ஆகாது. கம்பித் துணுக்கு ஒன்று பிய்ந்தாலும் அது டர்போவுக்குத்தான் போகும்.

பொருத்துதல்

கலனின் இடம் மூச்சுக்குழாய் புறப்படும் இடத்தைவிடத் தாழ்வாகவும், சைலன்சரிலிருந்து விலகியும், கை எட்டும்படியும் இருக்க வேண்டும். எஞ்சினில் பிடிக்காமல் சேஸிஸில் தடித்த பட்டை வைத்துப் பிடித்தால் அதிர்வு குறையும். ஹோஸ் எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பராக இருக்கட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் ஹோஸ் வெப்பத்தில் இளகி மடிந்துவிடும். மடிந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும். ஹோஸ் தொடக்கம் முதல் கலன் வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். வழியில் தொட்டில் போல் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் எண்ணெயும் நீரும் தேங்கி அடைப்பாகும்.

கலனிலிருந்து வெளியேறும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் பின்னால், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் இருப்பது நல்லது. மிகத் தாழ்வாக விட்டால் கேஜ் வீல் போட்டுச் சேற்று உழவு செய்யும்போது சேறு அப்பி வாய் மூடிவிடும். சேறு காய்ந்தால் கல்தான். இன்னொரு பகை குளவி. அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் நிற்கும் எஞ்சினின் திறந்த குழாயைக் கண்டால் குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். பருவத் தொடக்கத்தில் எஞ்சினைத் தொடங்கும் முன் குழாயில் கம்பியை விட்டுப் பாருங்கள். வாயைச் சாய்வாக வெட்டி, கண் பெரிதாக உள்ள கம்பி வலையைக் கட்டி வைத்தால் குளவி நுழையாது.

ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின்

மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றொன்று ஏறுவதால் அடியறையின் கன அளவு பெரிதாக மாறாது. ஒற்றைச் சிலிண்டரில் அப்படியில்லை. 87.5 மி.மீ. விட்டமும் 110 மி.மீ. வீச்சும் உள்ள பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு முறையும் 661 சி.சி. காற்றைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25 முறை. இதனால்தான் இவ்வகை எஞ்சின்கள் பலவற்றின் மூச்சுக்குழாயில் மெல்லிய தகடு வால்வு வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் இறங்கும்போது திறந்து காற்றை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். அடியறையில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் நிலவும், எண்ணெய் கசியாது. தண்ணீர் மட்டச் சோதனையில் எஞ்சின் பக்கத்துத் தண்ணீர் சற்று மேலே ஏறி நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது. தண்ணீர் ஆட்டம் போட்டால் ரப்பர்க் குழாயை நடுவில் சற்று நெருக்கிப் பிடியுங்கள்.

நான் பார்த்தவரை, எண்ணெய் கக்கும் ஆயில் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் கலன் தேவைப்படுவதில்லை. தகடு வால்வு வளைந்தோ, கரி பிடித்தோ, கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டோ இருக்கும். சில ரூபாய்த் தகட்டை மாற்றினாலே சொட்டு நின்றுவிடும். அதன் பிறகும் வேண்டுமென்றால் வால்வுக்கு அப்பால், வாய் அகலமான, நீளம் குறைந்த ஹோஸ் வைத்துக் கலனைப் பொருத்தலாம். நீண்ட மெல்லிய குழாய் இங்கே கூடவே கூடாது.

கிணற்றுத் திட்டில் எஞ்சின் வைத்திருப்போர் ஒன்றை மறக்க வேண்டாம். கலன் எண்ணெயைப் பிடிக்கும்; நச்சு வாயுவைப் பிடிக்காது. எஞ்சின் ஓடும்போதும், நிறுத்திய உடனேயும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது.

வீட்டில் கார் இருந்தால்

பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதுவகைக் கார்களில் உறிஞ்சு வால்வின் மேல் பெட்ரோல் படுவதில்லை. அதனால் மூச்சோடு வரும் எண்ணெய் அங்கே கரியாகப் படிகிறது. இதற்காகவே கார்க்காரர்கள் கலன் மாட்டுகிறார்கள். மூடிய, காற்றுப் புகாத கலன் மட்டுமே பொருந்தும். வெளிக்காற்று புகுந்தால் எஞ்சினின் காற்று அளவுக் கணக்கு தவறி, ஓட்டம் தடுமாறும். பழைய எஞ்சின் உள்ள ஜீப்புகளுக்கு டிராக்டருக்குச் சொன்னதே போதும்.

கலனில் சேர்ந்தது என்ன?

முதல் மாதம் பத்து மணி ஓட்டத்துக்கு ஒருமுறை காக்கைத் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் எஞ்சினின் போக்குக்கு ஏற்ப ஐம்பது மணிக்கு ஒருமுறை எனத் தள்ளிப் போடலாம். கலன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைய விடாதீர்கள். வடித்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டு ஓரிரவு வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். எண்ணெயின் அளவை மட்டும் நோட்டில் குறியுங்கள்.

மோர் போல் வெளுத்த குழம்பு இருந்தால் நீராவி எண்ணெயோடு கலந்திருக்கிறது. எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தும் சிறு ஓட்டங்களிலும், மழைக்காலத்திலும் இது இயல்பு. அதோடு ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் பாக்கிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் நீர்த்து டீசல் வாடை தூக்கலாக அடித்தால் நாசில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அளவுக் கோலில் எண்ணெய் குறையாமல் ஏறியிருந்தால் டீசல் கலப்பது உறுதி. அந்த எண்ணெயோடு எஞ்சினை ஓட்டக் கூடாது. ஐம்பது மணிக்குச் சேரும் எண்ணெய் திடீரென்று இரு மடங்கானால் முதலில் எண்ணெய் அளவையும் ஏர் கிளீனர்க் குழாயையும் பார்த்துவிட்டு, பிறகு கம்ப்ரஷன் சோதனைக்குக் கொண்டு போங்கள்.

வருடத்துக்கு இருமுறையாவது மூடியைக் கழற்றிக் கம்பிச் சுருளையும் ஹோஸையும் டீசலில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். பெட்ரோலில் கழுவி ஈரத்தோடு மாட்ட வேண்டாம்.

கலனில் பிடித்த எண்ணெயை வீணாக்குவானேன் என்று மீண்டும் எஞ்சினில் ஊற்றுவோர் உண்டு. அதில் தண்ணீரும் கரியும் அமிலமும் கலந்திருப்பதால் பேரிங்கைத் தின்றுவிடும். எருமையின் சொறிக்கும் மாட்டின் புண்ணுக்கும் இதைத் தடவும் வழக்கமும் இருக்கிறது. தோல் வெந்து போகும், மாடு நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். சொறிக்குக் கால்நடை மருந்தகத்தில் மருந்து இருக்கிறது. வாய்க்காலிலும் வரப்பிலும் கொட்டாதீர்கள். பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. மூடியுள்ள ஒரு கேனில் சேர்த்து வைத்து, எண்ணெய் மாற்றும்போது வடிக்கும் பழைய எண்ணெயோடு, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.